சிசிபஸின் மகிழ்ச்சி: உவகையா, பெருமிதமா?

ஆல்பெர் காம்யு 1942-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட ‘சிசிபஸ் தொன்மம்’ என்னும் நூல், பொருளற்றதாகத் தோன்றும் உலகில் மனிதன் உயிர் வாழ்தற்குத் தக்க காரணம் உண்டா என்னும் வினாவை எடுத்துக்கொண்டு ஆராய்வது. தற்கொலையினும் தலையாய சிக்கல் மெய்ப்பொருளியலில் வேறொன்றில்லை என்று அது தொடங்குகிறது. பயனற்ற உழைப்பிற்கு என்றென்றும் ஆட்பட்ட சிசிபஸை மகிழ்ச்சியுடையவனாக நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்று முடிகிறது. இந்நூலின் தொடக்கத்தைப் பற்றித் திறனாய்வாளர் மிகுதியாக எழுதியுள்ளனர். முடிவையோ பெரும்பாலோர் மேற்கோளாக எடுத்தாண்டு மகிழ்வதோடு அமைந்துவிடுகின்றனர். அம்முடிவிற் கூறப்படும் மகிழ்ச்சி எத்தகையது? முன்னர்த் தொடுத்த வாதங்களிலிருந்து அது முறையாகப் பெறப்படுகின்றதா, அன்றி வேறோரிடத்திலிருந்து கொணர்ந்து சேர்க்கப்பட்டதா? இவ்வினாக்களையே ஈண்டு ஆராய எடுத்துக்கொள்கின்றோம்.

காம்யுவை இருத்தலியலார் வரிசையில் வைத்தெண்ணுவது வழக்கம். அவரோ தாம் இருத்தலியலார் அல்லர் என்பதை 1945-ஆம் ஆண்டிலேயே தெளிவாகக் கூறிவிட்டார். அவ்வாண்டு அக்டோபரில் பாரிஸ் நகரில் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவில், மனிதன் தன் தேர்வுகளாலேயே தன்னை ஆக்கிக்கொள்கின்றான் என்று சார்த்தர் விளக்கினார். பொருளை மனிதன் படைக்கின்றான் என்பது அவர் துணிபு. காம்யு கேட்பது பிறிதொரு கேள்வி: பொருள் கிட்டாத நிலையிலேயே, அதனைப் படைத்துவிட்டதாகவும் பாராட்டாமல், நிறைவோடு வாழ இயலுமா? இவ்வேறுபாடு நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. மகிழ்ச்சி என்னும் சொல் சார்த்தரின் மெய்ப்பொருளியலில் பெறாத இடத்தைக் காம்யுவின் எழுத்தில் தொடக்கமுதல் இறுதிவரை பெறுகின்றது.

நூலின் அடிப்படைச் சொல்லைத் தமிழில் ‘அபத்தம்’ என்று வழங்குகின்றோம். வழக்கில் நிலைபெற்றுவிட்ட இச்சொல்லை மாற்றுதல் எளிதன்று. ஆயினும் அது நம்மைத் தவறான வழியிற் செலுத்தவல்லது என்பதையேனும் அறிந்திருத்தல் நன்று. தமிழில் அபத்தம் என்பது பொய்யையும் பிழையையும் பொருந்தாப் பேச்சையும் குறிக்கும். ஆதலின் ‘உலகம் அபத்தமானது’ என்றவுடன், பிழைபட்டது உலகமே என்று பொருள் கொண்டுவிடுகின்றோம். காம்யுவின் கருத்து அஃதன்று. உலகம் தன்னளவில் அபத்தமுமன்று, அபத்தமில்லாததுமன்று. அஃது உள்ளது, அவ்வளவே. மனிதனும் தன்னளவில் அபத்தமானவன் அல்லன். காரணம் காட்டு என்று இடைவிடாது கேட்கும் மனித நெஞ்சமும், விடை கூறாத உலகின் அமைதியும் எதிர்ப்படும்போது அவ்விரண்டிற்கும் இடையே தோன்றும் உறவே அபத்தம். இலத்தீன் மூலச்சொல்லின் பழம்பொருள் ‘சுதி சேராதது’ என்பதாம். ஒரு நரம்பைத் தனியே மீட்டினால் அது சுதி சேர்ந்ததென்றோ சேராததென்றோ சொல்லுதற்கில்லை. இரண்டு ஒலிகள் வேண்டும். ‘அபத்தம்’ என்பதைக் காட்டிலும் ‘இசைவின்மை’ என்பது காம்யுவின் கருத்துக்கு அணுக்கமானது என்பது எம் கருத்து. எனினும் வழக்குப் பற்றி ஈண்டு ‘அபத்தம்’ என்றே எழுதுவோம்.

இதனை உறவெனக் கொண்டால் நூலின் வாதம் எளிதில் விளங்கும். உறவின் இரு முனைகளுள் ஒன்றை அழித்தால் உறவும் அழியும். தற்கொலை மனிதன் என்னும் முனையை அழிக்கின்றது. கீர்க்கேகார், ஷெஸ்டோவ், யாஸ்பர்ஸ் முதலானோர், அறிவு தோற்ற இடத்தையே இறைவனின் வாயிலாகக் கொண்டு நம்பிக்கைக்குத் தாவுகின்றனர். அதனால் மறுமுனையாகிய உலகின் அமைதி மறைக்கப்படுகின்றது. இரண்டையும் காம்யு ஏற்கவில்லை. சிக்கலைத் தீர்க்காமல் அதன் முன் கண்விழித்து நிற்றலே நேர்மை என்பது அவர் முடிபு. அங்ஙனம் நிற்பவனுக்கு வாய்ப்பன மூன்று: எதிர்ப்பு, விடுதலை, வேட்கை. நாளையை நம்பாதவன் இன்றைக்கு உரியவனாகின்றான். நிலைபேற்றை நாடாதவன் நுகர்ச்சியின் மிகுதியை நாடுகின்றான். டான் ஜுவான், நடிகன், படைவீரன், கலைஞன் என்போரை இதற்கு எடுத்துக்காட்டுகளாகக் காட்டும் பகுதிகள் சுவையானவையேனும் வாதத்திற்குப் பெரிதும் வலிவூட்டுவன அல்ல. குறிப்பாக டான் ஜுவான் பற்றிய பகுதியில் இளமையின் செருக்கு ஆய்வைவிட மிக்கு நிற்கின்றது. நூல் வெளிவந்தபோது ஆசிரியர்க்கு அகவை இருபத்தெட்டே.

இனி, சிசிபஸின் கதைக்கு வருவோம். கொரிந்து நகரத்து அரசனாகிய இவன் செய்த குற்றம் யாது என்பது பற்றிக் கிரேக்கர் பலவாறு கூறுவர். ஆற்றுத்தெய்வமாகிய அசோபஸின் மகளைக் கவர்ந்து சென்றவன் சியூஸ் என்பதை, தன் கோட்டைக்கு நீர் பெறும்பொருட்டு வெளியிட்டான் என்பது ஒன்று. கூற்றுவனைத் தளையிட்டான் என்பது பிறிதொன்று. மூன்றாவது கதை நமக்கு மிகவும் வேண்டப்படுவது. இறக்கும் தறுவாயில் அவன் தன் உடலை அடக்கம் செய்யாது எறிந்துவிடுமாறு மனைவியிடம் கூறினான். அவளும் அவ்வாறே செய்தாள். அன்பற்ற அக்கீழ்ப்படிதலுக்காக அவளை ஒறுத்துவருவதாகக் கூறி, கீழுலகத் தலைவனிடம் விடைபெற்று நிலவுலகிற்கு மீண்டான். மீண்டவன், நீரையும் வெயிலையும் சூடேறிய கற்களையும் கடலையும் கண்டபின் இருளுலகிற்குத் திரும்ப மனங்கொள்ளவில்லை. பல ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தான். இறுதியில் தெய்வங்கள் அவனை வலிந்து பற்றிச் சென்று, முன்னரே அணியமாக வைத்திருந்த பாறையிடம் சேர்த்தன. அதனை மலையுச்சிக்கு உருட்டிச் செல்வான். உச்சியை எட்டியதும் அது கீழே உருளும். மீண்டும் இறங்கிச் சென்று தொடங்குவான்.

பாறையை உருட்டும் சிசிபஸைக் காட்டிலும், அதனை நோக்கி இறங்கி வரும் சிசிபஸே காம்யுவின் கருத்தைக் கவர்கின்றான். அந்நேரத்தில் அவன் தன் நிலையை முழுதும் அறிகின்றான். அறிந்தும் நடக்கின்றான். தண்டனையை வகுத்தோர் அவன் துன்பமாக எண்ணியதே அவன் வெற்றியாகின்றது. தன் ஊழைத் தெரிந்து இகழ வல்லவனை அவ்வூழ் வெல்வதில்லை. இவ்வளவும் முன்னைய வாதத்தின் முறையான விளைவே என்பதில் ஐயமில்லை. இதற்குமேல், அவ்விறக்கம் சில நாள் துயரோடு நிகழ்வது போலவே சில நாள் மகிழ்ச்சியோடும் நிகழக்கூடும் என்று ஆசிரியர் ஓரடி எடுத்து வைக்கின்றார். அங்கிருந்து ‘மகிழ்ச்சியுடையவன் என எண்ணல் வேண்டும்’ என்பது அடுத்த அடி. ‘கூடும்’ என்பது ‘வேண்டும்’ என்று ஆகிவிட்டது. இம்மாற்றம் சில பக்கங்களுக்குள், நடையின் வேகத்தால், படிப்போர் காணாவண்ணம் நிகழ்ந்துவிடுகின்றது.

இவ்விடத்திலேயே வேறொரு செய்தியும் உண்டு. அதனைத் திறனாய்வாளர் போதிய அளவு கருதியதாகத் தோன்றவில்லை. துயரம் சிசிபஸை எப்போது பற்றுகின்றது என்பதற்கு ஆசிரியரே விடை கூறுகின்றார். நிலவுலகின் காட்சிகள் நினைவை இறுகப் பற்றும்போது, மகிழ்ச்சியின் அழைப்பு மிகுந்து ஒலிக்கும்போது, துயரம் எழுகின்றது; அதுவே பாறையின் வெற்றி என்பது அவர் கூற்றின் பொருள். அங்ஙனமாயின், ஒரே இயலில் மகிழ்ச்சி என்னும் ஒரு சொல் இரு பொருளில் ஆளப்பட்டுள்ளது என்பது பெறப்படும். வெயிலும் கடலுமாகிய மகிழ்ச்சி ஒன்று: அதனை இழந்தான், அதன் நினைவு அவனை வருத்துகின்றது. ஊழை அறிந்து நிமிர்ந்து நிற்றலாகிய மகிழ்ச்சி மற்றொன்று: அஃது அவன் பாறையோடு கூடவே பிறப்பது. முதலாவது சிசிபஸைத் தோற்கடிக்கின்றது. இரண்டாவது அவனை வெல்விக்கின்றது. இரண்டிற்கும் பெயர் ஒன்றாயிருப்பதால், இரண்டாவதைப் பெற்றவன் முதலாவதையும் பெற்றுவிட்டான் என்னும் மயக்கம் படிப்போருக்கு உண்டாகின்றது.

பிரெஞ்சு மொழி ஒரு சொல்லால் மறைத்த வேற்றுமையை, அச்சொல்லை மொழிபெயர்க்க முற்படும்போது தமிழ் நமக்குக் காட்டிக்கொடுக்கின்றது. தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாட்டுள் உவகையும் பெருமிதமும் தனித்தனியே எண்ணப்பட்டவை. உவகைக்கு நிலைக்களன்களாக அவர் கூறுவன செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கு. பெருமிதத்திற்கு உரியன கல்வி, தறுகண், இசைமை, கொடை. அஞ்சத்தகுவனவற்றின் முன்னும் அஞ்சாமையே தறுகண். சிசிபஸின் இறக்கத்தில் செல்வமில்லை, புணர்வில்லை, விளையாட்டில்லை. புலன் நுகர்ச்சியும் நினைவாகவே எஞ்சியுள்ளது. அங்குள்ளவை தன்னிலையை அறிந்த அறிவும், அதன்முன் கலங்காத தறுகண்ணுமே. ஆகலின் காம்யுவின் வாதம் நமக்கு முறையாக அளிப்பது பெருமிதம். அவர் அதற்கு இட்ட பெயரோ உவகைக்குரியது. கிரேக்கத் தொன்மத்தைத் தமிழிலக்கணம் கொண்டு அளத்தல் பொருந்துமோ என ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவோம்: நாம் அளப்பது தொன்மத்தை அன்று, மொழிபெயர்க்கப்பட வேண்டிய ஒரு சொல்லையே.

இவ்வேறுபாட்டை வலியுறுத்தும் சான்று எதிர்பாராத ஓரிடத்திலிருந்து கிடைக்கின்றது. சிசிபஸ் மகிழ்ச்சியுடையவனாகலாம் என்னும் கருத்தைக் காம்யுவுக்கு முன்னரே, 1928-இல், பிரான்சில் ஆற்றிய சொற்பொழிவொன்றில் ஜப்பானிய அறிஞர் கூகி சூசோ கூறியிருந்தார். 1923-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அழிந்து, மீண்டும் அழிதற்கும் உரிய டோக்கியோ நகரில் சுரங்க இருப்புப்பாதை அமைப்பது ஏன் என்னும் வினாவையும் அவர் அங்கு எடுத்துக்கொள்கின்றார். பயன் நோக்காது மீண்டும் மீண்டும் முயலும் மனவுறுதியையே அவர் விடையாக வைக்கின்றார். அதற்கு அடிப்படையாக அவர் காட்டுவது ஜப்பானிய மறவர் நெறி. மறவர் நெறியின்மேல் எழுப்பிய மகிழ்ச்சி பெருமிதமேயன்றி வேறென்ன? கூகி அதனை மறைக்கவில்லை.

உவகையைக் காம்யு அறியாதவர் அல்லர். அதனை அவரளவு நன்கு பாடிய உரைநடையாளர் அந்நூற்றாண்டில் சிலரே. அவர் அல்ஜீரியாவில் 1913-இல் வறிய குடும்பத்திற் பிறந்தவர். மறு ஆண்டே தந்தையைப் போரில் இழந்தவர். எழுத்தறியாத, செவிப்புலன் குன்றிய தாயால் வளர்க்கப்பட்டவர். பதினேழாம் அகவையில் காசநோய் அவரைப் பற்றியது. பந்தாட்டமும் நீச்சலும் கடற்கரை வெயிலுமே அவ்விளைஞரின் செல்வம். 1939-இல் வெளிவந்த ‘மணவிழா’ என்னும் கட்டுரைத் தொகுதியில், கடலோரத்து உரோமானிய இடிபாடுகளாகிய திப்பாசாவை அவர் வருணிக்கும் பகுதியில் புலனும் விளையாட்டும் மிக்குள்ளன; வாதம் ஒன்றுமில்லை. அவர் 1936 முதல் 1938 வரை எழுதி, வெளியிடாது விடுத்து, மறைவிற்குப்பின் 1971-இல் அச்சான ‘மகிழ்ச்சியான மரணம்’ என்னும் புதினத்தில் செல்வமும் வந்து சேர்கின்றது. மகிழ்ச்சிக்கு நேரம் வேண்டும், நேரத்தைப் பொருளால் வாங்கலாம் என்று கருதி அதன் தலைவன் செல்வன் ஒருவனைக் கொன்று பொருள் கவர்கின்றான். இளம் எழுத்தாளரின் முதிராப் படைப்பாயினும், மகிழ்ச்சிக்கு உலகியற் பொருள்கள் வேண்டும் என்பதை மறைக்காத நேர்மை அதில் உண்டு. ‘சிசிபஸ் தொன்மம்’ அந்நேர்மையை ஓரளவு கைவிட்டது என்று கூறினும் தவறாகாது.

பிற்காலத்து ஆங்கில மெய்ப்பொருளியலார் இருவர் எழுப்பிய தடைகளையும் ஈண்டுக் கருதுதல் தகும். ரிச்சர்ட் டெய்லர் 1970-இல் ஒரு மாற்றுக் கதை புனைந்தார்: பாறை உருட்டும் ஆசையைத் தெய்வங்களே சிசிபஸின் உள்ளத்தில் விதைத்துவிட்டால் அவன் விரும்பியதையே என்றும் செய்துகொண்டிருப்பான் அன்றோ? இத்தகைய சிசிபஸிடம் உவகை உண்டு. விழிப்பில்லாமையின் பெருமிதம் இல்லை. காம்யுவின் சிசிபஸிடம் பெருமிதம் உண்டு. உவகை எங்கிருந்து வந்தது என்பதே வினா. இருவர் தந்த சிசிபஸும் ஒருவரையொருவர் நிரப்புகின்றனர். எனினும் இருவரையும் ஒருவனாக்குதல் இயலாது. தாமஸ் நேகல் 1971-இல், காம்யுவின் எதிர்ப்பு மிகையுணர்ச்சி சார்ந்தது, தன்னிரக்கமும் சிறிது கலந்தது என்று கூறி, அபத்தத்தை எள்ளற் புன்னகையோடு ஏற்பதே அறிவுடைமை என்றார். எதுவும் பொருட்டன்று எனில், பொருட்டன்று என்பதும் பெரும் பொருட்டன்று என்பது அவர் வாதத்தின் சாரம். கூர்மையான வாதமே, எனினும் கல்லூரியறையின் இருக்கையிலிருந்து எழுந்த வாதம். செருமானியப் படை பிரான்சைப் பற்றியிருந்த காலத்தில், காஃப்கா யூதர் என்பதனால் அவரைப் பற்றிய பகுதியை நீக்கியே அச்சேறிய ஒரு நூலிடம் எள்ளற் புன்னகையை எதிர்பார்த்தல் பொருத்தமுடையதாகாது.

எம் கருத்தில் இவற்றினும் வலியதொரு தடை உண்டு. வாழ்நாள் முழுதும் ஒரே வேலையை நாள்தோறும் செய்யும் இக்காலத் தொழிலாளியைச் சிசிபஸோடு காம்யு ஒப்பிடுகின்றார். அவன் தன் நிலையை உணரும் அரிய நேரங்களிலேயே அவன் வாழ்வு துன்பியலாகின்றது என்பார். ஒப்புமை அழகியது; ஆனால் ஓர் இன்றியமையா வேற்றுமையைக் கடந்து செல்கின்றது. சிசிபஸின் பாறை தெய்வங்கள் வைத்தது. தொழிலாளியின் பாறை மனிதர் வைத்தது. முன்னதை நீக்க இயலாது; பின்னதை நீக்க இயலும், குறைக்கவேனும் இயலும். நீக்க இயலாததன்முன் பெருமிதம் அறமாகும். நீக்க இயல்வதன்முன் நின்று, ‘இவன் மகிழ்ச்சியாயிருக்கின்றான் என எண்ணிக்கொள்வோம்’ என்று கூறுவது யாருக்கு உதவும்? பாறையை உருட்டுபவனுக்கு அன்று. அவனை எண்ணிப் பார்ப்பவனுக்கே. இறுதி வாக்கியத்தின் எழுவாய் சிசிபஸ் அல்லன், எண்ண வேண்டிய ‘நாம்’ என்பதை நோக்குக. சிசிபஸ் தன் நிலையைப் பற்றி ஒரு சொல்லும் நூலில் பேசவில்லை.

காம்யு இத்தடையைத் தாமே உணர்ந்தார் என்பதற்கு அவருடைய பிற்கால நூல்கள் சான்று. 1951-இல் வெளிவந்த ‘கலகக்காரன்’ இச்சிக்கலைக் கோட்பாட்டளவில் எடுத்துக்கொள்கின்றது. சார்த்தரோடு மறு ஆண்டில் நட்பு முறிந்ததும் அதனாலேயே. ஆயின் நல்ல விடை அதற்கு முன்னரே, 1947-இல் வெளிவந்த ‘கொள்ளைநோய்’ புதினத்தில் உள்ளது என்று கருதுகின்றோம். அந்நூல் உருவான சூழல் நினைக்கத்தக்கது. 1942-இல் காசநோய் மீண்டும் வருத்த, காம்யு பிரான்சின் மலைப்பகுதியில் தங்கினார். நவம்பரில் நேசநாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்க, போக்குவரத்து அற்றது. அல்ஜீரியாவிலிருந்த மனைவியிடமிருந்து பிரிவுற்றார். எண்ணிப் பார்க்கப்பட்ட மகிழ்ச்சிக்கும் கையிலிருந்து பறிபோன மகிழ்ச்சிக்கும் உள்ள வேற்றுமையை அவர் அக்காலத்தில் நன்கறிந்திருப்பார்.

கொள்ளைநோயால் அடைபட்ட ஓரான் நகரில் சிக்கிய செய்தியாளன் ராம்பேர், காதலியிடம் தப்பிச் செல்ல வழி தேடுகின்றான். மருத்துவர் ரியூ அவனைத் தடுக்கவில்லை. மகிழ்ச்சியைத் தேடுவது இழிவென்று கூறவுமில்லை. வழி கிடைத்த நாளில் ராம்பேர் தானே தங்கிவிடுகின்றான். தனியொருவனாய் மகிழ்ந்திருப்பதில் நாணத்திற்கு இடமுண்டு என்பது அவன் கூறும் காரணத்தின் பொருள். இந்நாணம் சிசிபஸுக்கு நேர வாய்ப்பில்லை. அவனுடைய மலையில் வேறொருவரும் இல்லை. ‘சிசிபஸ் தொன்மம்’ தவறவிட்டது இதுவே. பிறர் உள்ள உலகிலேயே உவகைக்கும் பெருமிதத்திற்கும் இடையே உண்மையான போராட்டம் எழுகின்றது. ரியூ பெருமிதத்தின் பக்கம் நிற்கின்றார்; ஆனால் உவகையைப் பெருமிதமென்றோ, பெருமிதத்தை உவகையென்றோ பெயர் மாற்றி அழைக்கவில்லை. அவர் மனைவி தொலைவில் மருத்துவமனையில் இறக்கின்றாள். அந்த இழப்பிற்கு ஈடாக எதனையும் நூல் காட்டவில்லை.

அந்நூலில் உவகை ஒருமுறை முழு உருவில் வருகின்றது. ஓர் இரவு, தாரூ தன் வாழ்க்கை வரலாற்றை ரியூவிடம் கூறி முடித்தபின், நட்பின் பொருட்டு இருவரும் துறைமுகத்திற்குச் சென்று கடலில் நீந்துகின்றனர். சிறிது நேரம் நகரமும் நோயும் அகன்றுவிடுகின்றன. இருவரும் ஒரே சீராக நீந்துகின்றனர். பின்னர் உடையணிந்து, பெரிதும் பேசாது, நோயிடமே திரும்புகின்றனர். திப்பாசாவின் புலனும் விளையாட்டும் இங்கு மீண்டுள்ளன. அவற்றோடு நட்பும், மறதியற்ற நினைவும் சேர்ந்துள்ளன. சிசிபஸுக்கு நினைவு துயரமாயிற்று; இவர்களுக்கு நினைவோடேயே உவகை கைகூடிற்று. இதனை எந்த வாதமும் நிறுவவில்லை; ஓர் இரவின் நிகழ்ச்சியாக, கால அளவோடு, கதையில் தரப்பட்டுள்ளது. கட்டுரை ‘வேண்டும்’ என்று கூறியதைப் புதினம் ‘நிகழ்ந்தது’ என்று கூறுகின்றது.

சிசிபஸின் வழித்தோன்றல் எனத்தக்க ஒருவரும் அந்நூலில் உள்ளார். அவர் பாறை உருட்டும் அரசர் அல்லர். நகராட்சியில் குறைந்த ஊதியம் பெறும் எழுத்தர் கிரான். நூலொன்று எழுதும் ஆர்வத்தால், அதன் முதல் வாக்கியத்தையே ஆண்டுக்கணக்கில் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருக்கின்றார். குதிரைமேல் வரும் பெண்ணைப் பற்றிய அவ்வாக்கியத்திற்கு ஏற்ற பெயரடை அவருக்கு வாய்ப்பதில்லை. மாலையில் நோய்த்தடுப்புப் படையின் கணக்குகளை எழுதுவார். பின்னர்த் தம் வாக்கியத்திடம் செல்வார். இந்நிகழ்ச்சிக்கு ஒரு வீரன் வேண்டுமெனில் அவரையே கொள்க என்று கதை கூறுவோரே குறிப்பிடுகின்றார். காம்யு இவரைப் பற்றி மகிழ்ச்சியுடையவர் என எண்ணிக்கொள்ளுமாறு நம்மைப் பணிக்கவில்லை. நோயுற்றுச் சாகுந்தறுவாயில் கிரான் தம் கையெழுத்துப் படியை எரித்துவிடச் சொல்கின்றார்; ரியூ எரித்துவிடுகின்றார். மறுநாள் காய்ச்சல் தணிந்து பிழைத்துக்கொள்கின்றார். நூலின் இறுதியில், தம்மைப் பிரிந்து சென்ற மனைவிக்குக் கடிதம் எழுதிவிட்டதாகவும், அவ்வாக்கியத்தை மீண்டும் தொடங்கியிருப்பதாகவும், இம்முறை பெயரடைகள் அனைத்தையும் நீக்கிவிட்டதாகவும் அவர் ரியூவிடம் தெரிவிக்கின்றார்.